ஏழு கட்டங்களுக்குள் ஒரு வழக்கறிஞர்: சட்டச் சொற்களுக்கான குறுக்கெழுத்து நூல் ஒன்றைத் தீர்த்து முடித்தபின்

முதல் புதிரின் முதல் குறிப்பே என்னைத் தோற்கடித்தது. “கட்சிக்காரருக்காக மன்றத்தில் நிற்பவர் (7)” என்பது குறிப்பு. முதல் கட்டத்தில் ‘வ’, மூன்றாவதில் ‘க்’, கடைசியில் ‘ர்’ என்று மற்றச் சொற்கள் குறுக்கே வந்து மூன்று எழுத்துகளைத் தந்திருந்தன. சற்றும் தயங்காமல் பேனாவை எடுத்து ‘வழக்கறிஞர்’ என்று எழுதினேன். விடைப்பக்கத்தைப் புரட்டியபோது அங்கே ‘வழக்குரைஞர்’ என்று இருந்தது. இரண்டுக்கும் ஏழே எழுத்துகள். நான்காவதும் ஐந்தாவதும் தவிர மற்ற எல்லாம் ஒன்றே. வழக்கை அறிந்தவர் ஒருவர், வழக்கை உரைப்பவர் மற்றொருவர், இருவரும் செய்வது ஒரே வேலை. வேறுபடும் அந்த இரண்டு கட்டங்களில் ஒன்றின் வழியாகவும் வேறு சொல் குறுக்கிடவில்லை என்பதுதான் சிக்கல். இலங்கைத் தமிழர் வழங்கும் ‘சட்டத்தரணி’ என்ற சொல்லும் ஏழெழுத்துதான் என்பது பிறகுதான் உறைத்தது. குறுக்கே வந்த அந்த மூன்று எழுத்துகளும் கிடைத்திருக்காவிட்டால் மூன்று பேரும் ஒரே நாற்காலிக்குப் போட்டியிட்டிருப்பார்கள்.

சட்டத்துறைச் சொற்களையும் ஆவணச் சொற்களையும் மட்டுமே கொண்டு 50 புதிர்களை அமைத்திருக்கும் இந்தத் தமிழ்க் குறுக்கெழுத்து நூலை முதலிலிருந்து கடைசி வரை தீர்த்து முடித்துவிட்டுத்தான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நூலின் பெயரை இங்கே தரவில்லை. கண்ட பிழைகளையெல்லாம் பட்டியலிட்டுத் தொகுப்பாளருக்கு அனுப்பியிருக்கிறேன். அவர் திருத்துவதற்கு முன்பே பெயரைச் சொல்லிக் குறை கூறுவது முறையாகப் படவில்லை. வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் ஆவணங்களைப் படியெடுத்து மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தவன் நான். ஆகவே இந்த நூலில் வரும் சொற்களில் பெரும்பாலானவை எனக்குப் பழகியவை. அந்தப் பழக்கம் சில புதிர்களில் கைகொடுத்தது, சிலவற்றில் காலை வாரிவிட்டது.

முன்னுரையில் குறுக்கெழுத்தின் வரலாறு இரண்டு பக்கத்துக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ இதழில் ஆர்தர் வின் வெளியிட்ட வைர வடிவக் கட்டம் தொடங்கி வழக்கமாக எல்லோரும் சொல்வதுதான். அதைத் தாண்டிச் சென்றுவிடலாம். அதற்கு அடுத்து வரும் ‘எழுத்து எண்ணும் முறை’ என்ற ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் என எதுவானாலும் ஓரெழுத்துக்கு ஒரு கட்டம் என்ற விதியை அந்தப் பக்கம் தெளிவாகச் சொல்கிறது. ‘பத்திரம்’ என்றால் ஐந்து கட்டம். அதில் இரண்டு கட்டங்களில் புள்ளி வைத்த மெய் தனியாக உட்கார்ந்திருக்கும். குறுக்கெழுத்துக்குப் புதியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள் என்பதால், ஒரு பக்கம் ஒதுக்கியது வீணில்லை.

இந்த விதியால் தமிழில் கட்டம் அமைப்பது எவ்வளவு கடினமாகிறது என்பதைத் தீர்ப்பவர் உணர்வதில்லை. ஆங்கிலத்தில் 26 எழுத்துகளுக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஒரு சொல்லின் நடுவில் வரும் எழுத்தைக் கொண்டு இன்னொரு சொல்லை எளிதாகத் தொடங்கிவிடலாம். லீன் (lien), டீட் (deed), ரிட் (writ), டார்ட் (tort) போன்ற நான்கெழுத்துச் சட்டச் சொற்கள் ஆங்கிலக் கட்டங்களில் அடிக்கடி வருவது அவை எந்த மூலையிலும் பொருந்திக்கொள்வதால்தான். தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகள். ‘தி’ இருக்கும் கட்டத்தில் ‘தி’ மட்டுமே வர முடியும், ‘த’வும் வராது, ‘து’வும் வராது. புள்ளி எழுத்தில் தமிழ்ச் சொல் எதுவும் தொடங்காது என்பதால் ‘வழக்கறிஞர்’ என்ற சொல்லில் உள்ள ‘க்’கிலிருந்து கீழ்நோக்கி ஒரு சொல்லைத் தொங்கவிடவும் வழியில்லை. போதாக்குறைக்கு, ஆவணத்தைக் குறிக்கும் சொற்கள் பெரும்பாலும் ‘ம்’ என்றே முடிகின்றன: பத்திரம், சாசனம், ஆவணம், ஒப்பந்தம், வாக்குமூலம், அடமானம், கையொப்பம். இத்தனை மகர ஒற்றுகளையும் ஒரே கட்டத்துக்குள் எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? தொகுப்பாளர் இதற்குக் கண்ட வழி அழகானது. பல புதிர்களில் வலப்பக்க ஓரத்திலும் அடி வரிசையிலும் சொற்களை முடித்து, ஒரே ‘ம்’மை இரண்டு சொற்களுக்குப் பொதுவாக்கிவிடுகிறார். ஒன்பதாவது புதிரில் ‘நீதிமன்றம்’ இடமிருந்து வலமாகவும் ‘ஒப்பந்தம்’ மேலிருந்து கீழாகவும் வந்து வலக்கீழ் மூலையில் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. அதே புதிரில் ‘நீதிமன்ற’த்தின் இரண்டாவது எழுத்தான ‘தி’யின் வழியாகப் ‘பிரதிவாதி’ இறங்குகிறார். நீதிமன்றத்துக்குள் பிரதிவாதியை நுழைத்த அந்தக் கைவேலைக்காகவே அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன்.

நூலின் உண்மையான சிறப்பு மறைபொருள் குறிப்புகளில்தான் இருக்கிறது. நேரடியாகப் பொருள் கேட்கும் புதிர்கள் 30, சொல்லை உடைத்தும் திருகியும் விளையாடும் புதிர்கள் 20 என்று பிரித்திருக்கிறார். பின்னவை இருபதுக்காகவே வாங்கலாம். ஒரு குறிப்பைப் பாருங்கள்: “முதலில் மெய் நீத்தது குயில், மெய் நீத்தவர் பேச்சு இனி இதில்தான் (3).” மெய் என்றால் உடல், மெய் என்றால் ஒற்றெழுத்து. குயிலின் முதல் எழுத்தான ‘கு’வில் இருந்து ‘க்’ என்ற மெய்யை நீக்கினால் ‘உ’ எஞ்சுகிறது; விடை ‘உயில்’. உடலை நீத்தவர் பேச்சு உயிலில்தான் என்ற பின்பாதி சட்டத்துக்கும் பொருந்துகிறது, ஏனென்றால் உயில் எழுதியவர் இருக்கும்வரை அதற்கு உயிரில்லை, அவர் நினைத்தால் மாற்றலாம், கிழித்தும் போடலாம். ‘வில்’ என்ற ஆங்கிலச் சொல்தான் உயிலாக வந்து தமிழ்ச் சட்டை போட்டுக்கொண்டது என்பதை நினைத்தால், குயிலோடு அதைச் சேர்த்துவைத்த துணிச்சல் இன்னும் பிடித்துப்போகிறது. இதைத் தீர்க்க எனக்கு ஒரு முழு மாலை ஆனது. தீர்ந்ததும் வேறு யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

‘வாய்தா’வுக்கான குறிப்பு எளிமையானது, ஆனால் கச்சிதம்: “பேசும் உறுப்பைக் கொடு என்றால், வேறொரு நாள் வரச் சொல்கிறார்கள் (3).” வாய் என்றும் தா என்றும் பிரித்தால் விடை கிடைத்துவிடுகிறது, வழக்கு தள்ளிப்போன அனுபவம் உள்ளவர்களுக்குச் சிரிப்பும் வந்துவிடும். “வாதியை நகலெடுத்தால் எதிராளி (5)” என்பது பிரதிவாதி. “பெண்மானை நம்பி வெளியே விடுகிறார்கள் (2)” என்பது பிணை. “ஆடவனை அதிகாரத்தோடு சொல் (2)” என்பதில் ஆண் என்பதோடு இரண்டாம் வேற்றுமை உருபு சேர்ந்து ஆணை ஆகிறது. “படத்தைச் சுற்றியும் உண்டு, நம்மைச் சுற்றியும் உண்டு (4)” என்பது சட்டம். கண்ணாடிக்கு மரச்சட்டம் போடுபவருக்கும் சட்டம் படித்தவருக்கும் ஒரே சொல்லை மொழி கொடுத்து வைத்திருக்கிறது. தொகுப்பாளர் அதைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான் அவர் செய்தது என்றாலும் அதைச் செய்ய ஒரு கண் வேண்டும்.

இலக்கணம் தெரிந்தவரை மகிழ்விக்கும் குறிப்பும் உண்டு. “இராமன் கையிலுள்ளதன் உறுப்பு சொத்தில் ஒட்டியிருந்தால் வாங்காதீர் (6).” வில், அங்கம் இரண்டையும் சேர்க்கும்போது, தனிக்குறிலுக்குப் பின் வரும் ஒற்று உயிர் வந்தால் இரட்டிக்கும் என்ற புணர்ச்சி விதிப்படி ‘வில்லங்கம்’ வருகிறது. ஒரு சொத்தின் மீது முன்பே உள்ள கடன், அடமானம், பிறர் உரிமை முதலியவற்றுக்கெல்லாம் பொதுப்பெயர் வில்லங்கம். ‘அவன் வில்லங்கமான ஆள்’ என்று ஒருவரைச் சொல்லும்போது, அவரிடம் முன்பே எத்தனையோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்றுதான் பொருள் என்று இந்தக் குறிப்பைத் தீர்த்தபின் எனக்குத் தோன்றியது.

இவ்வளவு நுணுக்கமாக விளையாடத் தெரிந்தவர் நேரடிக் குறிப்புகளில் ஏன் இப்படி அசட்டையாக இருந்துவிட்டார் என்பதுதான் புரியவில்லை. என் முக்கியமான குறையே இதுதான். சட்டச் சொற்களில் ஒருபொருட்பன்மொழி என்பது மிகக் குறைவு. அகராதி இரண்டு சொற்களை அடுத்தடுத்து வைத்துவிடலாம், ஆவணத்தில் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதினால் பொருளே மாறிவிடும். படியெடுக்கும் வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் எனக்குச் சொல்லித்தரப்பட்ட ஒரே பாடம் அதுதான்: ‘ஒரே மாதிரி இருக்கிறதே என்று மாற்றாதே.’ இந்த நூலின் நேரடிப் புதிர்கள் அந்தப் பாடத்தைக் கேட்டதாகத் தெரியவில்லை.

எடுத்துக்காட்டாக, “சிறையிலிருந்து விடுதலை (2)” என்ற குறிப்புக்குப் பிணை என்று விடை. பிணையில் வந்தவர் விடுதலை ஆனவர் அல்லர். அழைக்கும்போது வந்து நிற்பதாக உறுதி கொடுத்துவிட்டு வெளியே இருப்பவர். வழக்கு அப்படியே நிற்கிறது. பெண்மானை ‘நம்பி வெளியே விடுகிறார்கள்’ என்று மறைபொருள் குறிப்பில் மிகச் சரியாக எழுதிய அதே கை, இங்கே விடுதலை என்று எழுதியிருக்கிறது. இன்னொன்று, “கூண்டில் நிற்பவர் (5)” என்பதற்குக் ‘குற்றவாளி’ என்று விடை. குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை அவர் குற்றஞ்சாட்டப்பட்டவர்தான். சட்டத் தமிழில் ‘எதிரி’ என்ற மூன்றெழுத்துச் சொல்லே அதற்கு இருக்கிறது. தவிர, கூண்டில் சாட்சியும்தான் ஏறி நிற்கிறார். கட்டத்துக்குப் பொருந்துகிறது என்பதற்காக ஒருவரைக் குற்றவாளி ஆக்கிவிடுவது, விளையாட்டானாலும், எனக்குச் சற்று உறுத்தியது.

ஆவணங்களின் வகைகளிலும் இதே கலப்பு. “அடமானத்துக்கு வேறு பெயர் (3)” என்று கேட்டு, ஒற்றி என்று விடை சொல்கிறார். ஒற்றி என்றால் நிலம் கடன் கொடுத்தவர் கைக்குப் போய்விடும். வட்டிக்குப் பதிலாக அவர் அதன் பலனை அனுபவிப்பார். கடனைத் திருப்பியதும் நிலம் திரும்பும். சாதாரண அடமானத்தில் நிலம் உரியவர் கையிலேயே இருக்கும், பத்திரத்தில் மட்டும் பொறுப்பு ஏறும். ஒன்றில் உழுபவர் மாறுகிறார், மற்றதில் மாறுவதில்லை. இவ்வளவு வேறுபாட்டை ஒரே வரியில் குறிப்பாக்கியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! “கடன் தந்தவர் அனுபவிக்கும் ஈடு (3)” என்று மாற்றினால் போதும், பிழையும் நீங்கும், குறிப்பும் சுவைக்கும். “சொத்தை மகள் பெயருக்கு எழுதி வைத்தல் (3)” என்பதில் உயிலும் பொருந்தும், தானமும் பொருந்தும், இரண்டுக்கும் மூன்றெழுத்து. தானம் உடனே கைமாறுவது, உயில் எழுதியவருக்குப் பின் நடைமுறைக்கு வருவது. ‘காலமானபின்’ என்ற ஒரு சொல்லைச் சேர்க்கச் சோம்பியிருக்கிறார். தீர்ப்பு, தீர்ப்பாணை இரண்டையும் ஒன்றாக்கியதும் அப்படித்தான்: எதனால் இந்த முடிவு என்று காரணங்களோடு நீதிபதி சொல்வது தீர்ப்பு, அந்த முடிவை யாருக்கு என்ன கிடைக்கும் என்ற வடிவில் முறைப்படி எழுதித் தருவது தீர்ப்பாணை.

ஆனால் ஒரே ஓர் இடத்தில், தொகுப்பாளரை அறியாமலேயே இந்தப் பொதுப்படைத்தன்மை ஓர் அற்புதத்தைச் செய்திருக்கிறது. இருபத்திரண்டாவது புதிரில், “வழக்கில் ஒரு சான்று (3)” என்ற குறிப்புக்கு இரண்டாவது கட்டத்தில் ‘ட்’, மூன்றாவதில் ‘சி’ கிடைத்தன. முதல் கட்டம் திறந்தே கிடந்தது. விடை ‘சாட்சி’ என்பது யாருக்கும் தெரியும். ஆனால் எனக்கு உடனே பெரியபுராணத்தில் சுந்தரரை ஒரு முதியவர் தம் அடிமை என்று ஓலையைக் கொண்டு வழக்காடும் இடம் நினைவுக்கு வந்தது. அங்கே அவையினர் அவரிடம் மூன்றில் ஒன்றைச் சான்றாகக் காட்டச் சொல்கிறார்கள்: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. நீண்ட காலமாக அனுபவித்து வருவது ஆட்சி, எழுதி வைத்திருப்பது ஆவணம், பிறர் கண்டு சொல்வது காட்சி. அப்படியானால் இந்த மூன்று கட்டங்களில் ஆட்சி என்று எழுதினாலும் சான்று, காட்சி என்று எழுதினாலும் சான்று, சாட்சி என்று எழுதினாலும் சான்று! மூன்றும் முறையான விடைகள். தொகுப்பாளர் இதை உணர்ந்து முதல் கட்டத்தைத் திறந்து வைத்திருந்தால் அவர் மேதை. உணராமல் வைத்திருந்தால் நல்ல அதிர்ஷ்டசாலி. விடைப்பக்கம் சாட்சி என்று மட்டும் சொல்வதால் இரண்டாவதாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். அதே இடத்தில் வரும் படியோலை, மூல ஓலை என்ற சொற்களையும் அவர் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். நகல், அசல் என்ற இரண்டு சொற்களும் நூல் முழுவதும் ஏழெட்டு முறை வந்து சலிப்பூட்டுகின்றன. நகலுக்கு ‘பழைய படி’ என்று குறிப்புக் கொடுத்துப் படியோலையை நான்கு கட்டங்களில் அமர்த்தியிருந்தால் ஒரு மாற்றம் கிடைத்திருக்கும்.

அரபி, பாரசீக வழியாக வந்த நீதிமன்றச் சொற்களுக்கு மட்டும் தனியாக ஐந்து புதிர்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. வக்கீல், வக்காலத்து, ஜாமீன், ஜப்தி, தாவா, பைசல், அமீனா, முன்சீப், தஸ்தாவேஜு, குமாஸ்தா, வாரிசு, ரத்து, கைது என்று வரிசையாக வருகின்றன. இவற்றில் கைதும் வாரிசும் ரத்தும் வெளியிலிருந்து வந்தவை என்பதே இன்று பலருக்குத் தெரியாது. ஜப்தியும் தஸ்தாவேஜும் முகத்திலேயே வந்த வழியை எழுதி வைத்திருக்கின்றன. வக்கீலும் வக்காலத்தும் ஒரே அரபி வேரிலிருந்து வந்தவை. அவற்றை ஒரே ‘வ’வில் தொடங்கி ஒன்றைக் குறுக்காகவும் மற்றொன்றைக் கீழாகவும் ஓடவிட்டிருப்பதைச் சொல்லிப் பாராட்ட வேண்டும். “உங்களுக்காகப் பேச அவருக்கு நீங்கள் தரும் தாள், கேட்காமலே பேசினால் இதை வாங்கியதாகக் கேலி (6)” என்ற குறிப்பில் நீதிமன்றமும் பேச்சுவழக்கும் ஒரே வரியில் வந்துவிடுகின்றன. தனித்தமிழ் ஆர்வலர்கள் இந்த ஐந்து புதிர்களைக் கண்டு முகம் சுளிக்கலாம். எனக்கு அந்தச் சுளிப்பு இல்லை. பழைய பத்திரம் ஒன்றைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியவருக்கு இந்தச் சொற்கள் தேவைப்படும். பிணை என்று எழுதப் பழகியவருக்கும் ஜாமீன் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும்.

இலங்கை வழக்கிலுள்ள சொற்களுக்கு ஒரே ஒரு புதிர்தான் என்பது வருத்தம். சட்டத்தரணி, நொத்தாரிசு (நோட்டரி), சத்தியக்கடதாசி, காணி உறுதி என்று அந்தப் புதிரில் வரும் ஒவ்வொரு சொல்லும் புதிதாக இருந்தது. பத்திரம் என்று நான் பழகிய ஒன்றை அங்கே ‘உறுதி’ என்கிறார்கள் என்பதை “அசையாச் சொத்தின் அசையாத சொல் (3)” என்ற குறிப்பைத் தீர்த்தபோதுதான் மனத்தில் பதிய வைத்துக்கொண்டேன். பிரமாணப் பத்திரத்தைச் சத்தியக்கடதாசி என்று சொல்லும்போது அதன் கனம் கூடிவிடுகிறது என்று எனக்கு ஒரு எண்ணம். இப்படி இன்னும் நான்கு புதிர்களாவது போட்டிருக்கலாம்.

எழுத்துக்கூட்டல் பற்றி நான் எவ்வளவு சொன்னாலும் தகும், ஆனாலும் சுருக்கிக்கொள்கிறேன். வல்லினம் மிகும் இடத்தில் அந்த ஒற்றெழுத்தையும் ஒரு கட்டமாக எண்ணுவதா, விடுவதா என்பதில் நூல் ஒரு நிலையில் நிற்கவில்லை. ‘கிரயப் பத்திரம்’ என்பதை (4,5) என்று ஒற்றோடு கணக்கிடுகிறார். அதற்கு மூன்று புதிர்கள் கழித்து ‘தான பத்திரம்’ என்று ஒற்றை விழுங்கிவிட்டு (2,5) என்று கணக்கிடுகிறார். முன்னது சரி, பின்னது பிழை. ஆனால் பிழையைவிட மோசம் இரண்டும் ஒரே நூலில் இருப்பது, ஏனென்றால் தீர்ப்பவர் எண்ணிக்கையை நம்பித்தான் சொல்லைத் தேடுகிறார். அபிடவிட் என்று ஐந்து கட்டத்திலும் அஃபிடவிட் என்று ஆறு கட்டத்திலும் ஒரே சொல் இருவேறு புதிர்களில் வருகிறது. அடமானம், அடைமானம் இரண்டும் ஐந்து கட்டம்தான் என்பதால் அங்கே எண்ணிக்கையும் உதவாது. இரண்டாவது கட்டத்தைக் குறுக்கிடும் சொல் காப்பாற்றினால்தான் உண்டு. எந்த எழுத்துக்கூட்டலை ஏற்கிறோம் என்று எழுத்து எண்ணும் முறைப் பக்கத்தின் அடியில் நான்கு வரி சேர்த்திருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

அச்சும் தாளும் பற்றி: தாள் கெட்டியானது, பென்சிலை அழித்தாலும் மறுபக்கம் தெரிவதில்லை. கட்டங்கள் மட்டும் சிறியவை. ஆங்கிலக் கட்டத்துக்கு ஏற்ற அளவில் வரைந்திருக்கிறார்கள் போலிருக்கிறது. ‘ர்’ என்று எழுத இடம் தாராளமாக இருக்கிறது, ‘மொ’ என்றோ ‘ஞை’ என்றோ எழுதும்போது கொம்பும் காலும் பக்கத்துக் கட்டத்துக்குள் அத்துமீறுகின்றன. ‘கையொப்பம்’ என்பதைக் கையொப்பம் போல எழுத முடியவில்லை என்று ஓரத்தில் குறித்து வைத்தேன். பின்பகுதியில் எட்டுப் பக்கச் சொற்பொருள் அகரவரிசை இருக்கிறது. அது நேரடிப் புதிர்களைவிடக் கவனமாகத் தயாரிக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் வேடிக்கை. ஒற்றிக்கும் அடமானத்துக்கும் உள்ள வேறுபாடு அங்கே சரியாக இருக்கிறது. இரண்டையும் வேறு வேறு பேர் எழுதியிருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன்.

விடைப் பகுதியில் மறைபொருள் குறிப்புகளுக்கு விளக்கமே இல்லாதது பெரிய குறை. கட்டத்தை நிரப்பிக் காட்டியிருக்கிறார்கள், எப்படி அந்த விடை வந்தது என்று ஒரு வரியும் இல்லை. குயில் எப்படி உயில் ஆனது என்பதைக் கண்டுபிடிக்காமல் விடையை மட்டும் பார்ப்பவருக்கு அந்தக் குறிப்பின் அழகு போய்ச் சேராது. புதிதாக இந்த விளையாட்டுக்கு வருபவர்கள் இருபது மறைபொருள் புதிர்களையும் தொடாமலே நூலை மூடிவிடக்கூடும். என் பரிந்துரை இதுதான்: சட்டம் படிக்கும் மாணவர்கள் அகரவரிசையை முதலில் படித்துவிட்டு, பிறகு நேரடிப் புதிர்களைத் தீர்த்துப் பார்த்து, எங்கெங்கே குறிப்பு பிழையாக இருக்கிறது என்று தேடட்டும், அவர்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. சொல் விளையாட்டுக்காக வருபவர்கள் நேராக முப்பத்தோராவது புதிருக்குப் போய்விடலாம். நூல் முழுவதையும் ஒரே ஓட்டமாகத் தீர்க்க நினைப்பவர்கள் என்னைப் போலப் பேனாவால் எழுத வேண்டாம்.

தொகுப்பாளருக்கு அனுப்பிய பட்டியலில் கடைசியாக எழுதிய பிழையைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். நாற்பத்து மூன்றாவது புதிரில், “பிடியின் பின் வந்த யானைக்கு ஒரு சுழி கூடியது, இனி கைதுதான் (4)” என்று ஒரு குறிப்பு. பிடி என்றால் பெண் யானை. பிடியானையில் உள்ள இரண்டு சுழி ‘ன’வுக்கு ஒரு சுழி கூட்டினால் மூன்று சுழி ‘ண’ ஆகிறது; பிடியாணை பிறக்கிறது. ஒரே ஒரு சுழியை நம்பி நிற்கும் குறிப்பு இது, நூலிலேயே எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். விடைப்பக்கத்தில் ‘பிடியானை’ என்றே அச்சாகியிருக்கிறது.